ராமென் எங்கே தப்பாகிறது: கிண்ணத்தைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ராமென் என்கிற பாக்கெட் நூடுல்ஸ் மூன்று நிமிடத்தில் ஆகிற சமையல்தானே என்று அடுப்பைப் பற்றவைக்கிறோம். கிண்ணத்துக்கு வரும்போது ஒருநாள் கொழகொழவென்று இருக்கும், ஒருநாள் சப்பென்று இருக்கும், இன்னொரு நாள் உப்பு கரிக்கும். அதே பாக்கெட், அதே அடுப்பு, அதே கைதான். பல வருடமாக வாரத்துக்கு ஒருமுறையாவது ராமென் செய்கிறவன் நான். என் அனுபவத்தில் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் பிறக்கின்றன. ஒன்று, தண்ணீரைக் கண்ணால் குத்துமதிப்பாக ஊற்றுவது. இன்னொன்று, அடுப்பை அணைத்ததும் வேகுவதும் நின்றுவிடும் என்று நம்புவது.

அவரவர் குறையை நேரடியாகத் தேடிப் படித்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் கீழே சொல்வதெல்லாம் சட்டென்று புரியும்.

பாக்கெட்டில் இருக்கும் அந்தக் கட்டி பச்சை மாவு கிடையாது. கோதுமை மாவைப் பிசைந்து, தேய்த்து, இழையாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, அதற்குப் பிறகு எண்ணெயில் பொரித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் எண்ணெய்க்குள் இறங்கியதும், இழைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறும். அது போன வழியெல்லாம் நுண்துளைகளாக நின்றுவிடும். பிறகு நாம் வெந்நீரில் போடும்போது தண்ணீர் அந்தத் துளைகளின் வழியாகவே உள்ளே திரும்புகிறது. ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ 1958-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சிக்கன் ராமென் இந்த முறையில் செய்ததுதான். இன்றைக்கும் பெரும்பாலான பாக்கெட்டுகளின் அடிப்படை அதுவே.

ஆக, அந்த இழை ஏற்கெனவே வெந்தது. அதற்குத் தாகம் மட்டும்தான் பாக்கி. பாத்திரத்தில் இருந்தாலும் கிண்ணத்தில் இருந்தாலும், சூடான சூப் சுற்றி இருக்கும்வரை அது குடித்துக்கொண்டே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

குழைந்துபோய்க் கொழகொழவென்று இருக்கிறது

அதிகம் கேட்கிற குறை இதுதான். பாக்கெட்டில் 3 நிமிடம் என்று போட்டிருக்கிறது, நானும் சரியாக 3 நிமிடம்தான் வைத்தேன், அப்புறம் ஏன் என்று கேட்பார்கள். அந்த 3 நிமிடத்துக்குப் பிறகு நடந்தவற்றையும் கணக்கில் சேருங்கள். அடுப்பை அணைத்து, கிண்ணம் தேடி, சூப் பொடியைக் கலக்கி, மேலே தூவ வெங்காயத்தாள் நறுக்கி, வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கைகழுவி வந்து உட்காரும்போது இன்னொரு 4 நிமிடம் ஓடியிருக்கும். சாப்பிட்டு முடிக்க 8 நிமிடம். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் இடையில் இழை கொதிசூட்டுச் சூப்பில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 30 முதல் 45 நொடி முன்னாலேயே அடுப்பை அணையுங்கள். மெதுவாகச் சாப்பிடுகிறவருக்கு என்றால் ஒரு நிமிடம்கூட முன்னால் அணைக்கலாம். கடிகாரத்தைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஓர் இழையை எடுத்து ஊதி, முன்பல்லால் பாதியில் கடித்து, வெட்டுப்பட்ட முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் கண்ணாடிபோல லேசாக ஒளி ஊடுருவும்படி இருக்கும். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். தண்ணீர் இன்னும் எட்டாத இடம் அது. அந்தப் புள்ளி கடுகளவு பெரிதாகத் தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம் விடலாம். குண்டூசி முனையளவு வந்துவிட்டதா, அந்த நொடியே அடுப்பை அணையுங்கள். மிச்சத்தைச் சூப்பே பார்த்துக்கொள்ளும். புள்ளியே இல்லையென்றால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. உடனே கிண்ணத்தில் போட்டு உடனே சாப்பிடுவதுதான் வழி.

கிண்ணம், கரண்டி, மேலே போடவேண்டிய பொருள்கள் எல்லாம் நூடுல்ஸ் தண்ணீரில் விழுவதற்கு முன்பே தயாராக இருக்கவேண்டும். ராமெனுக்கு நாம் காத்திருக்கலாம், ராமென் நமக்குக் காத்திருக்காது.

நேரம் சரியாக இருந்தும் குழைந்தால் வேறு காரணங்களைப் பாருங்கள். பச்சைத் தண்ணீரிலேயே கட்டியைப் போட்டு அடுப்பில் வைக்கிறீர்களா? தண்ணீர் சூடேறுகிற நேரமெல்லாம் வெளிப்பக்கம் ஊறி மாவு கரைய ஆரம்பித்துவிடும், உள்ளே வேகும்போது வெளியே கூழாகியிருக்கும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில்தான் போடவேண்டும். ஓயாமல் கிளறுவதும் இழையின் மேல்தோலைச் சிதைக்கும். கட்டி இளகிப் பிரிந்ததும் இரண்டு மூன்று முறை தூக்கிவிட்டால் போதும். அப்படித் தூக்கும்போது இழைகளைத் தண்ணீருக்கு மேலே சில நொடி காற்றில் பிடித்துவிட்டுத் திரும்ப இறக்கினால், மேற்பரப்பு கொஞ்சம் ஆறி, பதம் சற்று நீடிக்கும். நான் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு தடவை இப்படித் தூக்கி இறக்குகிறேன்.

ஏற்கெனவே குழைந்துவிட்டதை மறுபடி விறைப்பாக்க முடியாது. தூக்கிப்போடவும் வேண்டாம். வடிகட்டி, சூப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அகலமான தோசைக்கல்லில் அல்லது வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு நூடுல்ஸைப் பரப்புங்கள். இரண்டு நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் பொன்னிறமாக மொறுமொறுக்கும். மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றித் திருப்பிப் போட்டால், நல்ல அடை மாதிரி வந்துவிடும். எடுத்துவைத்த சூப்பைப் பக்கத்தில் வைத்துக் குடிக்கலாம்.

வெளியே வெந்திருக்கிறது, நடுவில் விறைக்கிறது

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெயில் பொரிக்காமல் சூடான காற்றில் உலர்த்திய வகையும் விற்கிறது. அதில் அந்த நுண்துளைகள் குறைவு, இழையும் கெட்டி. 4, 5 நிமிடம் கேட்கும். பொரித்த வகையின் நேரத்தை இதற்கு வைத்தால் நடுவில் மாவாகத்தான் இருக்கும்.

அடுத்தது பாத்திரம். கட்டி முழுவதும் தண்ணீருக்குள் அமிழவேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடத்துக்குப் பிறகு திருப்பிப் போடுங்கள். அமிழவில்லை என்பதற்காகக் கட்டியை நான்காக உடைக்கவேண்டாம். இழைகள் துண்டுதுண்டாகிவிடும், கரண்டியில்தான் அள்ளவேண்டிவரும். அந்த நெளிநெளி வடிவமே இழைகளுக்கு இடையில் தண்ணீர் புகுவதற்கும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்கும் உதவுகிறது. தொழிற்சாலையில் இழைகள் வேகமாக வெட்டுப்பட்டு மெதுவாக நகரும் பட்டையில் விழுவதால் அப்படி மடங்கிக்கொள்கின்றன. ஆகவே கட்டியைச் சும்மா விட்டாலே போதும், ஒன்றரை நிமிடத்தில் தானாக இளகும்.

மலைப்பகுதியில் இருக்கிறீர்களா? உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் கூடும்போதும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய 1 டிகிரி குறைகிறது. 2,000 மீட்டரில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று கண் சொல்லும், ஆனால் அது சமவெளியின் கொதிநீர் இல்லை. ஒரு நிமிடம் கூட வையுங்கள், மூடியும் போடுங்கள்.

சூப் சப்பென்று தண்ணியாக இருக்கிறது

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். ஒரு பாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 450 முதல் 550 மில்லி வரை போட்டிருக்கும். அந்தச் சூப் பொடி அந்த அளவுக்கென்றே கலக்கப்பட்டது. 100 மில்லி கூடினாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். அளவுக்குவளை இல்லாவிட்டால், ஒரு தண்ணீர் பாட்டிலில் அளவு பார்த்து ஊற்றி, உங்கள் வீட்டு டம்ளரில் அது எத்தனை டம்ளர் என்று ஒரே ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஆயுளுக்கும் போதும்.

அளந்து ஊற்றியும் மாறுகிறது என்றால் பாத்திரத்தின் வாயைப் பாருங்கள். அகன்ற வாணலியில் தண்ணீர் கண்ணெதிரே சுண்டும், குறுகலான பாத்திரத்தில் அவ்வளவு சுண்டாது. ஒருமுறை ஒரே அளவு தண்ணீரை இரண்டிலும் ஊற்றி, இரண்டையும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, திரும்ப டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். அகன்றதில் இருந்து வந்த டம்ளரில் ஒரு விரற்கடைக்குமேல் குறைந்திருந்தது. அந்த ஒரு விரற்கடைதான் சப்பென்று இருப்பதற்கும் நாக்கில் நிற்பதற்கும் உள்ள தூரம். எனவே ராமெனுக்கென்று ஒரே பாத்திரத்தை வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு பாக்கெட்டைச் சேர்த்துச் செய்யும்போது தண்ணீரையும் இரண்டு மடங்காக ஊற்றுவது இன்னொரு பொதுவான தவறு. ஆவியாகிப் போகும் அளவு பாத்திரத்தின் அகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது, பாக்கெட்டின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. ஒன்றுக்கு 550 மில்லி என்றால் இரண்டுக்கு 900-த்தை ஒட்டி ஊற்றினால் போதும். மூன்று பாக்கெட்டுக்கு மேல் ஒரே பாத்திரத்தில் போடாதீர்கள். கட்டிகள் விழுந்ததும் கொதி அடங்கி, மறுபடி கொதிவர நேரமாகி, மேலே சொன்ன கொழகொழப்பில் கொண்டுபோய் நிறுத்தும்.

காய்கறி போடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளவேண்டும். காளான், முட்டைக்கோஸ், கீரை எல்லாம் தண்ணீர் விடும். கைநிறையப் போட்டால் ஊற்றும் தண்ணீரில் ஐம்பது மில்லியாவது குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் எண்ணெயில் முதலில் வதக்கி ஈரத்தைப் போக்கிவிட்டு, அதே பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். வதக்கிய வாசனையும் சூப்பில் இறங்கும்.

சூப் ஏற்கெனவே தண்ணியாகிவிட்டதா? நூடுல்ஸை உள்ளே வைத்துக்கொண்டு சுண்டவைக்காதீர்கள். சூப் தேறும்போது நூடுல்ஸ் போய்விடும். நூடுல்ஸை அரித்தெடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, சூப்பை மட்டும் பெரிய தீயில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு மேலே ஊற்றுங்கள்.

உப்பு சரியாக இருந்தும் சுவை தட்டையாக இருந்தால் தண்ணீரைக் குறைசொல்லவேண்டாம். தனியாக ஓர் எண்ணெய்ப் பொட்டலம் இருந்திருக்குமே, அதை எப்போது ஊற்றினீர்கள்? அதில் இருப்பது வாசனை. ஆரம்பத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் வாசனை சமையலறைக்குப் போய்விடும், கிண்ணத்துக்கு வராது. அடுப்பை அணைத்த பிறகுதான் அதைச் சேர்க்கவேண்டும். நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ கடைசியில் விட்டாலும் மந்தமான சூப் எழுந்து நிற்கும்.

உப்பு கரிக்கிறது

பொடியை முழுவதும் கொட்டவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. முதலில் மூன்றில் இரண்டு பங்கு போட்டு, சுவைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மிச்சத்தைப் போடுங்கள். நாக்கை ஏமாற்றாமல் இருக்க, கரண்டியில் எடுத்த சூப்பைக் கொஞ்சம் ஆறவைத்துச் சுவையுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் உப்பு சரியாகப் பிடிபடாது.

நாக்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளுக்குச் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராமுக்கும் குறைவு. ஒரே பாக்கெட் ராமெனில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். பின்பக்க அட்டவணையில் சோடியம் என்ற வரியைப் பாருங்கள். அந்தக் கணக்கு முழுப் பாக்கெட்டுக்கா, பாதிக்கா, 100 கிராமுக்கா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நூடுல்ஸ் மாவிலேயே கொஞ்சம் உப்பு உண்டு. ஆனால் பெரும்பங்கு சூப் பொடியில்தான். சூப்பில் பாதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டால் உப்பில் கணிசமான பகுதியையும் விட்டுவிடுகிறீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் இதைத் தயவுசெய்து பழக்கமாக்குங்கள்.

கரித்துவிட்டதைச் சரிசெய்ய வெந்நீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூப் ஆறி, மேலே எண்ணெய் படியும். உப்புப் போடாமல் அவித்த முட்டை, டோஃபு என்கிற சோயாப் பனீர், காய்கறி சேர்த்தாலும் ஒவ்வொரு வாய்க்கும் உப்பு பங்கிடப்படும். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். அது உப்பையும் தண்ணீரையும் சேர்த்தேதான் உறிஞ்சும், சூப்பின் கரிப்பு அப்படியே இருக்கும். சர்க்கரையும் அப்படித்தான், கரிப்பை நாக்கிலிருந்து கொஞ்சம் மறைக்கும், உப்பைக் குறைக்காது.

பொங்கி அடுப்பில் வழிகிறது

இழையிலிருந்து கரையும் மாவுப்பசை குமிழிகளை உடையவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அதனால் நுரை ஏறுகிறது. கட்டியைப் போட்டு மறுபடி கொதி வந்ததும் தீயை நடுத்தரத்துக்கு இறக்கி, மூடியை விலக்கிவிடுங்கள். தண்ணீர் பாத்திரத்தில் பாதிக்குமேல் போகாமல் இருந்தால் வழிய வாய்ப்பு குறைவு.

அந்த வெள்ளைக் கலங்கலைப் பார்த்து, இழைகள்மேல் மெழுகு பூசியிருக்கிறார்கள் என்று பயப்படுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மெழுகு ஏதும் இல்லை. கரைந்த மாவும், பொரித்தபோது ஒட்டிய எண்ணெயும்தான் அது.

முட்டை சிதறிவிடுகிறது, அல்லது மஞ்சள் கல்லாகிவிடுகிறது

முட்டையும் நூடுல்ஸும் வெவ்வேறு நேரம் கேட்பவை. சிக்கலே அதுதான். சூப்புக்குள் உடைத்து ஊற்றும் முட்டைக்கு வெள்ளை இறுக 3 நிமிடமாவது வேண்டும். நூடுல்ஸ் இரண்டரை நிமிடத்தில் எடுக்கவேண்டியது. நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும்போது முட்டையைப் போட்டு, முட்டைக்காகக் காத்திருந்தால் நூடுல்ஸ் குழையும். நூடுல்ஸுக்காக எடுத்தால் வெள்ளைக்கரு கோழைபோல நிற்கும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முட்டை முதலில். தண்ணீர் கொதித்ததும் தீயை நன்றாகக் குறைத்து, குமிழி அடங்கி மேற்பரப்பு லேசாக நடுங்குகிற நிலைக்குக் கொண்டுவாருங்கள். முட்டையை நேராகப் பாத்திரத்தில் உடைக்காமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பைத் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்திச் சரித்துவிடுங்கள். முட்டை முழுதாக நழுவி உள்ளே போகும். முதலில் வெள்ளை துணிபோல விரியும். கையை அடக்கிக்கொள்ளுங்கள், கிளறவேண்டாம். அரை நிமிடத்தில் ஓரம் பால்நிறமாகி மஞ்சளைச் சுற்றிக் கூடும். மூடிவைத்து, மூன்று நிமிடம் ஆனதும் சல்லடைக் கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் வையுங்கள். அப்புறம் தீயைக் கூட்டி நூடுல்ஸைப் போடுங்கள். வெள்ளைக்கரு 62 டிகிரி சூட்டை ஒட்டி இறுக ஆரம்பிக்கிறது, மஞ்சள் கெட்டியாக அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். கொதிகொதிக்கும் தண்ணீரில் இந்த இடைவெளி ஒரு நொடியில் கடந்துபோய்விடும், நடுங்கும் தண்ணீரில் நம் கைக்குள் இருக்கும்.

ஓட்டோடு அவிக்கிறவர்களுக்கு: கொதிக்கும் நீரில் இறக்கி ஆறரை முதல் ஏழு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். மஞ்சள் தேன்பதத்தில் இருக்கும். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் மஞ்சளும் முழுவதும் வேகும்வரை விடுங்கள். இதில் பதத்தைவிடப் பாதுகாப்புதான் முக்கியம்.

பட்டு நாடாபோல முட்டை இழையிழையாக வேண்டும் என்பவர்கள், நன்றாக அடித்த முட்டையை நூடுல்ஸை எடுத்த பிறகு, கொதிக்கிற சூப்பில் மெல்லிய நூலாக ஊற்றவேண்டும். ஊற்றியதும் பத்து நொடி தொடக்கூடாது. உடனே கலக்கினால் சூப் மொத்தமும் கலங்கிவிடும்.

பால் அல்லது சீஸ் சேர்த்தால் திரிகிறது

அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு சேருங்கள். எலுமிச்சை, வினிகர், கிம்ச்சி (புளிக்கவைத்த கொரியக் காய்கறி ஊறுகாய்) மாதிரி புளிப்பு எதுவும் அதோடு சேர்ந்தால் பால் திரியத்தான் செய்யும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய தகடாக விற்கும் பதப்படுத்திய சீஸ் வழுவழுவென்று உருகும், அதில் கொழுப்பும் நீரும் பிரியாமல் இருக்க உப்புகள் சேர்த்திருப்பார்கள். சாதாரண சீஸைத் துருவிப் போட்டால் சில சமயம் கயிறாக இழுக்கும், சில சமயம் அடியில் போய்க் கட்டியாகும்.

சூப் இல்லாத வகை ஒட்டிப்பிடித்துக் கட்டியாகிறது

தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டுப் பொடியையோ விழுதையோ கொட்டுவதால் வருவது. நூடுல்ஸ் வெந்த அந்தக் கலங்கல் தண்ணீரில் ஆறு, ஏழு மேஜைக்கரண்டி நிறுத்திவையுங்கள். அதில் இருக்கும் மாவுப்பசைதான் விழுதை இழையோடு சேர்த்துப் பிடிக்கும். முதலில் விழுதை அந்தத் தண்ணீரில் கரைத்து, பிறகு நூடுல்ஸைப் போட்டு, சின்னத் தீயில் அரை நிமிடம் புரட்டினால் ஒவ்வோர் இழையும் பளபளவென்று வரும். உலர்ந்த பொடியை வடித்த நூடுல்ஸ்மேல் தூவினால் தூவிய இடத்திலேயே ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டும், ஒரு வாய் கரிக்கும், அடுத்த வாய் சப்பென்றிருக்கும். குளிர்ச்சியாகச் சாப்பிடும் வகையென்றால் வடித்ததும் குளிர்ந்த நீரில் அலசி, கையால் லேசாகத் தேய்த்து, மேலே இருக்கும் பசையைப் போக்கிவிடுங்கள். வேகுவதும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

காரம் தாங்கமுடியவில்லை

தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பால், தயிர், சீஸ், முட்டை மஞ்சள், ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் என்று ஏதாவது ஒன்றைச் சேருங்கள். மிகக் காரமான பொடியைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டும்போது முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே நீட்டாதீர்கள். ஆவியோடு காரம் ஏறித் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். தீயைக் குறைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

எண்ணெய் மிதக்கிறது, அல்லது சிக்கு வாடை அடிக்கிறது

பொரித்த நூடுல்ஸின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெயாகவே இருக்கும். அது பிடிக்காதவர்கள் தனியாகக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு, அந்த நீரை வடித்துவிட்டு, இன்னொரு பாத்திரத்தில் தயாராகக் கொதிக்கும் சூப்புக்கு மாற்றலாம். எண்ணெயில் கொஞ்சமும் நூடுல்ஸில் இருக்கும் உப்பில் கொஞ்சமும் போய்விடும். ஆனால் அந்த ஒரு நிமிடமும் வேகும் கணக்கில் சேரும். மறந்தால் மறுபடி கொழகொழப்புதான்.

பாக்கெட்டைப் பிரித்ததும் பழைய எண்ணெய் வாடை வந்தால், தேதி மிச்சமிருந்தாலும் தூக்கிப்போடுங்கள். எந்த மசாலாவும் அதை மறைக்காது. அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியும், வெயில் விழும் ஜன்னலோரமும் இதற்குத் தோதான இடங்கள் இல்லை. சோப்பு, அந்துருண்டை இருக்கும் இடத்தில் ஒருநாளும் வைக்காதீர்கள். கப் நூடுல்ஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

கப்பில் மேலே வெந்தது, கீழே வேகவில்லை

பெரும்பாலும் கொதிக்காத தண்ணீர்தான் காரணம். ஃபிளாஸ்கில் காலையில் ஊற்றிவைத்த வெந்நீர் போதாது. பாத்திரத்தில் என்றால் அடுப்பு சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், கப்பில் ஊற்றிய சூடுதான் மொத்தச் சூடும். எனவே கொதித்த நொடியில், உள்ளே போட்டிருக்கும் கோடுவரைக்கும் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, மேலே ஒரு தட்டை வையுங்கள். 1971-இல் ஜப்பானில் வந்த கப் நூடுலில் கட்டி அடியைத் தொடாமல் கப்பின் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும்படி அமைத்தார்கள், வெந்நீர் கீழே போய்த் தேங்கி அங்கிருந்தும் வேகவைக்கும் என்பதற்காக. குலுக்கி, அழுத்தி, கட்டியை அடியில் தள்ளிவிட்டால் அந்த வசதி போய்விடும். நேரம் முடிந்ததும் அடியிலிருந்து ஒருமுறை கிளறுங்கள், பொடி கீழேதான் தங்கியிருக்கும்.

மைக்ரோவேவில் வைப்பதாக இருந்தால், கப்பில் அதற்கான அனுமதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தெர்மோகோல் கப்பும் அலுமினியப் படலம் ஒட்டிய மூடியும் உள்ளே போகக்கூடாது. பெரிய பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அதிலும் தண்ணீர் குமிழி எழாமலே கொதிநிலையைத் தாண்டிச் சூடாகி, பொடியைப் போட்டதும் திடீரென்று பொங்கித் தெறிக்கக்கூடும். வெளியே எடுக்குமுன் அரை நிமிடம் பொறுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கப்பை மேஜை விளிம்பில் வைக்காதீர்கள். மேலே அகலம், கீழே குறுகல், லேசாகத் தட்டினாலே சாய்ந்துவிடும். கவிழ்ந்தால் சூடான நூடுல்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டு, வெறும் வெந்நீரைவிட நெடுநேரம் சுடும். அப்படி நேர்ந்தால் ஒட்டியதை உடனே அகற்றி, சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஐஸ் வைக்காதீர்கள்.

மிச்சம் வைத்தது மறுநாள் களியாகிவிடுகிறது

சூப்போடு சேர்த்து வைத்ததால்தான். இரவு முழுவதும் குடித்திருக்கிறது. மிஞ்சும் என்று தெரிந்தால் முன்கூட்டியே நூடுல்ஸை அரித்தெடுத்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசறி ஒரு டப்பாவில், சூப்பை இன்னொரு டப்பாவில் என்று பிரித்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நூடுல்ஸ் விறைத்து ஒரே கட்டியாக இருக்கும், பயப்படவேண்டாம். சூப்பை மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்து, கிண்ணத்தில் வைத்த நூடுல்ஸ்மேல் ஊற்றி, இருபது நொடி பொறுத்துக் குச்சியால் பிரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.